தட்டிக்கு அந்தப் பக்கம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு தேர்தல் நாள். திருத்துறைப்பூண்டி பக்கம் சாலையோர டீக்கடை. பகல் பதினோரு மணி வெயில். விரலில் வைத்த மை இன்னும் காயாத ஒரு பாட்டி மெதுவாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். காலமெல்லாம் நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிந்து குனிந்தே வளைந்துபோன முதுகு.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாய் சும்மா இருக்காது. ''யாருக்குப் பாட்டி போட்டீங்க?'' என்று கேட்டுவிட்டேன்.

பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். ''அத ஒங்கிட்ட சொல்றதுக்கா தம்பி, அங்க தட்டி கட்டி வெச்சிருக்கான்?''

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். டீயைக் குடித்து முடித்த பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கதையைத் தஞ்சாவூரில் என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். பேங்க்கில் ஆபீஸராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ''எதுக்கு மறைக்கணும்? மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்? நான் யாருக்குப் போட்டேன்னு நடுத்தெருவுல நின்னு சொல்வேன் சார்'' என்றார்.

சொல்வார். சொல்லியும் இருக்கிறார். ஆனால், அவருக்குச் சொந்த வீடு. மாசம் பிறந்தால் பென்ஷன். அவர் எந்தச் சின்னத்துக்குப் போட்டாலும் பால்காரர் பால் ஊற்றுவார். எதிர்வீட்டுக்காரர் குட்மார்னிங் சொல்வார். நடுத்தெருவில் நின்று சொல்வதற்கு அவருக்கு ஒரு பைசா செலவில்லை.

பாட்டிக்கு?

இதுதான் இந்த வாரம் நான் உங்களோடு பேச நினைக்கும் விஷயம். ஓட்டு எல்லோருக்கும் ஒன்று. சரி. அதைப் போடுவதற்கு ஆகும் செலவும் எல்லோருக்கும் ஒன்றா?

*

என் நண்பரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் கட்சியில் பெரிய பெரிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்று இங்கிலாந்தில் ஒரு சிந்தனையாளர். சுதந்திரத்தைப் பற்றி அவர் எழுதியதை இன்றைக்கும் கல்லூரியில் படிக்கிறார்கள். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று 1867-லேயே பார்லிமென்ட்டில் பேசியவர். அப்பேர்ப்பட்டவர், ரகசிய ஓட்டு கூடாது என்றார். ஓட்டு என்பது உன் சொத்து கிடையாது. நாடு உன்னை நம்பிக் கொடுத்த பொறுப்பு. அந்தப் பொறுப்பை நாலு பேர் பார்க்க நிறைவேற்று, மறைத்தால் சுயநலத்துக்குப் போட்டுவிடுவாய். இதுதான் 1861-ல் அவர் முன்வைத்த வாதத்தின் சாரம். வேடிக்கை என்னவென்றால், அவருடைய அப்பா ஜேம்ஸ் மில், ரகசிய ஓட்டு வேண்டும் என்று கேட்டவர்!

அப்போது இங்கிலாந்தில் ஓட்டு எப்படி நடந்தது தெரியுமா? எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று புத்தகமாகவே அச்சடித்தார்கள். குத்தகை விவசாயி யாருக்குப் போட்டான் என்று நிலச்சொந்தக்காரர் ஈஸிசேரில் சாய்ந்தபடி படித்துக்கொள்ளலாம். 1856-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் ரகசிய ஓட்டைக் கொண்டுவந்தன. 1872-ல்தான் இங்கிலாந்து அதைப் பின்பற்றியது.

ஆனால் மில், ஒரு வாசலைத் திறந்துவைத்தார். வலியவன் எளியவனை மிரட்டுவதுதான் பெரிய ஆபத்து என்கிற இடத்தில் ரகசியம் நியாயமே என்று ஒப்புக்கொண்டார். தன் காலத்து இங்கிலாந்தில் அந்த ஆபத்து குறைந்துவிட்டது என்பது அவர் கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீஸில் 35 வருஷம் வேலை பார்த்தவர் அவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வந்து, காவிரிக் கரையில் ஒரு போகம் தங்கியிருந்தால், தான் திறந்துவைத்த வாசல் எவ்வளவு பெரிது என்று தெரிந்திருக்கும்.

*

டெல்டாக்காரர்களுக்குச் சோழர் பெருமை அதிகம். ஓட்டு என்று பேச்செடுத்தாலே குடவோலைக்குப் போய்விடுவோம். தப்பில்லை. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, சுமார் 1,100 வருஷங்களுக்கு முந்தியது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கணக்குக் காட்டாதவன், அடுத்தவன் பொருளைத் திருடியவன் நிற்க முடியாது. இன்றைக்கு வைத்துப் பார்த்தாலும் கை தட்டத் தோன்றும்.

ஆனால், குடத்தில் பெயர் போட என்ன தகுதி? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்த வயலில் இறங்கி உழுதவனின் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். தேர்தல் வைத்தான். வரி கட்டுகிறாயா, சொத்து இருக்கிறதா, படித்திருக்கிறாயா என்று கேட்டான். மக்களில் பெரும்பாலோருக்கு அவன் போகும்வரை ஓட்டு கிடையாது.

1950-ல் நம் அரசியல் சட்டம் இந்த எல்லாக் கேள்விகளையும் ஒரே கோட்டில் அடித்தது. நிலம் வேண்டாம், வரி வேண்டாம், எழுத்தறிவு வேண்டாம். வயது 21 ஆனால் போதும். 1989-ல் அது 18 ஆனது.

தகுதிப் பட்டியல் முடிந்தது என்று நினைத்தோம். எங்கேயும் எழுதி வைக்காத ஒரு தகுதி மட்டும் தங்கிவிட்டது. அதற்குப் பெயர் தைரியம்.

*

1951-52 முதல் பொதுத்தேர்தலில் தஞ்சை மாவட்டம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா. பண்ணையாள் என்றால் வெறும் கூலியாள் இல்லை. குடியிருக்கிற குடிசை மிராசுதார் மனையில். கூலி, மிராசுதார் களத்தில் மரக்காலில் அளக்கும் நெல். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன், மிராசுதார் கணக்கில். சவுக்கடியையும் சாணிப்பால் கொடுமையையும் நிறுத்தவே 1944-ல் ஒப்பந்தம் போட வேண்டியிருந்த ஊர் இது. கர்நாடகத்திலிருந்து வந்து இங்கேயே வேர்விட்ட பி.சீனிவாச ராவும் விவசாயச் சங்கமும் அதற்காகப் போராடிய கதை டெல்டாவில் இன்னும் பேசப்படுகிறது.

அந்த ஆளின் கையில் திடீரென்று ஒரு ஓட்டு. மிராசுதாருக்கும் ஒன்று, அவருடைய மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறவருக்கும் ஒன்று.

ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டியில் சின்னம். மறைவான இடத்துக்குள் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். அந்த ஒரு நிமிஷம், அந்த மறைப்புக்குள், அவரைப் பார்க்க யாரும் இல்லை. களம் இல்லை, மரக்கால் இல்லை, ஏஜென்ட் இல்லை. பரம்பரை பரம்பரையாக யாராவது பார்த்துக்கொண்டேயிருந்த ஒரு மனிதருக்கு அது எப்பேர்ப்பட்ட ஒரு நிமிஷம்!

முடிவு வந்தது. அப்போதைய சென்னை ராஜ்யத்தில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. தஞ்சை மாவட்டத்திலும் செங்கொடிக்காரர்கள் சில இடங்களில் ஜெயித்தார்கள். ராஜாஜி முதலமைச்சர் ஆனார். அதே வருஷம் ஆகஸ்ட்டில் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. நினைத்த நேரத்தில் பண்ணையாளைத் துரத்த முடியாது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது. ஓட்டு மட்டுமே இதைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பின்னால் பல வருஷப் போராட்டம், சிறை, அடி எல்லாம் உண்டு. ஆனால், ஓட்டில்லாத பண்ணையாளுக்காக எந்த அரசாங்கம் இவ்வளவு அவசரப்பட்டிருக்கும்?

*

இங்கே ஒரு தர்ம சங்கடம் வருகிறது. நம் ஊர் தர்ம சங்கடம்.

''சோறு போட்டவனுக்குத் துரோகம் பண்ணலாமா?'' உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். செஞ்சோற்றுக் கடனுக்காகக் கர்ணன் உயிரையே கொடுத்தான் என்று தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்தவர்கள். ''நம்ம அய்யா சொன்ன சின்னத்துக்குப் போடாம இருந்தா சோத்துக்கு நன்றியில்லாத ஜென்மம்''னு ஒரு மனசு சொல்லும். வெற்றிலையில் சூடம் கொளுத்தி சத்தியம் வாங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சரி, ஒரே ஒரு கேள்வி. நெல் விளைகிற ஊரில் யார் யாருக்குச் சோறு போட்டது? உழுதது, விதைத்தது, நட்டது, அறுத்தது, தூற்றியது, கட்டிச் சுமந்தது ஒருவர். அளந்து கொடுத்தது இன்னொருவர். செஞ்சோற்றுக் கடன் என்று ஒன்று இருந்தால், தஞ்சாவூரில் அது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போக வேண்டிய கடன்?

நன்றி வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றியை நன்றியாகச் செலுத்தலாம். அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகலாம், அவருக்கு ஒரு கஷ்டம் என்றால் முதல் ஆளாக நிற்கலாம். ஓட்டு அந்தக் கணக்கில் சேராது. அது அவர் கொடுத்ததில்லை, திருப்பிக் கொடுக்க. பயமுறுத்தி வாங்கிய சத்தியத்துக்கும் இதேதான். ஜாதியிலிருந்து தள்ளிவைப்போம், சாமி தண்டிக்கும் என்றெல்லாம் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படியே முறைகேடு. சட்டம் எழுதியவர்களுக்கு நம் ஊர் நன்றாகவே தெரிந்திருக்கிறது!

*

தட்டிக்கு உள்ளே சுதந்திரம். வெளியே?

1968 டிசம்பர் 25. கீழவெண்மணி. கூலி கேட்டுச் சங்கமாகச் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர்கள். செங்கொடியை இறக்கிவிட்டு வா என்றார்கள், இறக்க மறுத்தார்கள். ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

1999 செப்டம்பர். கொள்ளிடத்துக்கு அக்கரையில் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதி. தொல்.திருமாவளவன் முதல்முறையாக லோக்சபாவுக்கு நிற்கிறார். பல கிராமங்களில் தலித் மக்கள் ஓட்டுப் போட விடாமல் தடுக்கப்பட்டார்கள். குடியிருப்புகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன. அந்த ஓட்டுகள் எந்தப் பெட்டியில் விழும் என்று எண்ணிப் பார்க்க யாரும் காத்திருக்கவில்லை. எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதே போதுமானதாக இருந்தது. (அதே திருமாவளவன் அதே தொகுதியில் 2009, 2019, 2024-ல் ஜெயித்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். பயமுறுத்தலால் தள்ளிப்போடத்தான் முடிந்தது.)

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கதை உங்களுக்குத் தெரியும். 1996-ல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. 2006-ல்தான் முடிந்தது. மேலவளவில் 1997-ல், ஜெயித்து வந்த ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

இப்போது என் நண்பரின் கேள்விக்கு வருவோம். மறைப்பது கோழைத்தனமா? வெண்மணி ஜனங்களுக்குத் தைரியம் போதாது என்று யாராவது சொல்ல முடியுமா? கொடியைப் பட்டப்பகலில் ஏற்றியவர்கள் அவர்கள். ஏழைக்குத் தைரியம் இல்லை என்பது பொய். தைரியசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், விலையும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால், தைரியசாலிக்கு மட்டும்தான் ஓட்டு என்றால் அதுவும் கால் வேலி நிலம் மாதிரிதான். சாதாரண பயந்த ஆளும், நாளைக்கு வேலை வேண்டும் என்று நினைக்கிற ஆளும், புருஷனுக்குத் தெரிந்தால் அடிப்பான் என்று நடுங்குகிற பெண்ணும் தன் இஷ்டப்படி போட்டுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் தட்டி.

*

விஷயம் இதோடு முடியவில்லை. இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு சிக்கல்.

காலனி ஜனங்கள் மற்ற தெருக்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் வழியிலேயே மறிப்பார்கள். அதனால், ஆள் குறைவாக இருந்தாலும் அவர்கள் குடியிருப்பிலேயே சாவடி வைக்கத் தேர்தல் கமிஷன் வழி செய்திருக்கிறது. மிரட்டலுக்கு ஆளாகக்கூடிய குடியிருப்புகளை முன்கூட்டியே கணக்கெடுத்துப் பாதுகாப்பும் கொடுக்கிறார்கள். ரொம்ப நல்ல காரியம்.

ஆனால், அந்தச் சாவடிக்கு ஒரு மெஷின். எண்ணும்போது ஒவ்வொரு மெஷினுக்கும் தனிக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, ஒரு காலனியில் 480 ஓட்டு விழுந்து, 410 ஒரே சின்னத்துக்கு என்றால், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பாட்டியின் ஓட்டு ரகசியம். பாட்டியின் தெருவுடைய ஓட்டு பகிரங்கம். அதிராம்பட்டினத்திலோ முத்துப்பேட்டையிலோ ஒரு முஸ்லிம் தெரு, கோடியக்கரைப் பக்கம் ஒரு மீனவர் குப்பம், எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பெரிய ஜாதிக்கு இதனால் நஷ்டமில்லை. அவர்கள் பத்து பூத்தில் பரவியிருப்பார்கள். ஒரே இடத்தில் சின்னதாக ஒதுங்கிக் கிடக்கிற கூட்டம்தான் மாட்டிக்கொள்ளும். யாரும் வீட்டைக் கொளுத்த வேண்டாம். தார் ரோடு அந்தத் தெருமுனையில் வந்து நின்றுவிட்டால் போதாதா? தண்ணீர்த் தொட்டி வேறு தெருவுக்குப் போனால் போதாதா?

வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்கு ஒரு மருந்து இருந்தது. மிரட்டல், பழிவாங்கல் பயம் இருந்தால், பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணும்படி கமிஷன் உத்தரவிடலாம் என்று விதி உண்டு. மெஷின் வந்ததும் அந்த மருந்து காலாவதி ஆகிவிட்டது. 14 மெஷின்களின் கணக்கைச் சேர்த்து மொத்தமாகக் காட்டும் 'டோட்டலைஸர்' என்ற கருவிக்காக 2008-ல் தேர்தல் கமிஷனே மத்திய அரசிடம் கேட்டது. 2015-ல் சட்ட கமிஷனும் சரி என்றது. மத்திய அரசு ஏற்கவில்லை. கருவி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பூத் வாரியாகக் கணக்குத் தெரிந்தால்தான் தில்லுமுல்லைக் கண்டுபிடிக்க முடியும் என்கிறார்கள். எல்லாவற்றையும் கலந்துவிட்டால் திருட்டும் அதில் கலந்துவிடும். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால், ஒரு பூத்தில் எத்தனை பேர் போட்டார்கள் என்பது வேறு. யாருக்குப் போட்டார்கள் என்பது வேறு. முதலாவதை பூத் வாரியாகச் சொல்லுங்கள். இரண்டாவதைச் சேர்த்துச் சொல்லுங்கள். சந்தேகம் வந்த மெஷினைக் கோர்ட் மேற்பார்வையில் தனியாகப் பிரித்துப் பார்க்க வழி வையுங்கள். சந்திரனுக்கு ராக்கெட் விடுகிற நாட்டுக்கு இது முடியாத காரியமா?

மனசிருந்தால் முடியும். எந்தக் கட்சிக்கு அந்த மனசு வரும் என்பதுதான் கேள்வி. எந்தத் தெரு நம்முடையது, எந்தத் தெரு நம்முடையது இல்லை என்ற பட்டியல் எல்லோருக்குமே தேவைப்படுகிறதே!

*

கருவி வரும்போது வரட்டும். அதுவரை நீங்களும் நானும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது.

உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடம், கடைப் பையனிடம், வயலுக்கு வருகிற ஆளிடம், ''யாருக்குப் போட்டே?'' என்று கேட்காதீர்கள். நீங்கள் சும்மா ஆசைக்குத்தான் கேட்கிறீர்கள். ஆனால், சம்பளம் கொடுக்கிற கை கேட்கும் கேள்வி, கேள்வியாக மட்டும் போய்ச் சேராது. 'அந்தத் தெரு ஜனங்களா, அவங்க எல்லாம் அவருக்குத்தான் போடுவாங்க' என்று டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால், தலையாட்டாமல் இருங்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் பட்டியல் தயாராகிறது.

நான் அன்றைக்குக் கேட்டது தப்பு என்று இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

பாட்டி கடைசியாகச் சொன்னதைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தவரிடம், ''பயமா பாட்டி?'' என்று விடாமல் கேட்டேன். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

''பயம் என்னத்துக்கு? வெளிய சொன்னா அது எங்க தெரு ஓட்டு தம்பி. சொல்லாம இருந்தாத்தான் அது ஏன் ஓட்டு.''